ஃபிரிட்ஜ் மேல் ஒரு சர்வர்

காலை ஏழரை மணிக்கு ஹைக்கே ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். எதிர் பேக்கரியில், அவள் வீட்டைக் காலி செய்ய வந்த கோர்ட் அமீனா காப்பி குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பூட்டு உடைக்கும் ஆள். போலீஸ்காரர்கள் தடுப்புகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பது மணிக்குத்தான் வருவார்கள் என்று நம்பி, வாடகைதாரர் சங்கம் எட்டரைக்குக் கூடுவதாக ஏற்பாடு. கூட்டமாகப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டால் அவளை வெளியேற்ற முடியாது. தெருவை அடைத்துவிட்டாலோ ஒருவரும் உள்ளே வர முடியாது. பெர்லினில் அதற்குப் பிறகு அவளுக்கு எங்கே வீடு கிடைக்கும்?

“இப்பவே வாங்க!” என்று சங்கத்தின் குழுவில் எழுதினாள். போகவில்லை. செய்தியின் ஓரத்தில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

போனில் கூப்பிடலாமென்றால் ஒருவர் நம்பரும் இல்லை. போன வருஷம் சங்கத்தில் ஒருத்தியின் போனைப் போலீஸ் பிடுங்கியதில் எல்லோருடைய நம்பரும் மாட்டிக்கொண்டது. அதன் பிறகுதான் பெரிய கம்பெனியின் செயலியே வேண்டாம், நம்பர் கேட்காத சொந்தச் சர்வர் வைப்போம் என்று தீர்மானம் போட்டார்கள். முதலில் கை தூக்கியவளே ஹைக்கேதான். அந்தச் சர்வர் மாடியில், யோர்க் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. கட்டடத்தில் இன்னும் குடியிருப்பது அவனும் இவளும்தான்.

ஓடிப்போய்க் கதவை இடித்தாள்.

“சர்வருக்கு என்னடா ஆச்சு?”

“பதறாத. அப்டேட் ஓடுது. இன்னிக்கு முக்கியமான நாளாச்சே, ஓட்டை எதுவும் இருக்கக் கூடாதுன்னு காலையிலயே போட்டுட்டேன்.”

“இன்னிக்கேவா உனக்கு நாள் கெடச்சுது? கீழ அமீனா நிக்கிறான்டா!”

“அந்தப் பெரிய கம்பெனி மட்டும் என்ன? போன மாசம் அரை நாள் படுத்துக்கிச்சே.”

“படுத்தா தூக்கி நிறுத்த அங்க ஆயிரம் பேர் இருக்கான். இங்க நீ ஒருத்தன். அதுவும் இன்னும் பல்லு கூட விளக்கல!”

“ஆனா நம்ம செய்திய வேற ஒருத்தனும் படிக்க முடியாது, ஹைக்கே.”

“ஆமா, படிக்க வேண்டியவங்களும்தான்!”

அவள் கீழே இறங்குவதற்குள் தெருவை அடைத்துவிட்டார்கள். ஆளில்லாத படிக்கட்டைப் பார்த்த அமீனா ஒன்பது வரை காத்திருக்கவில்லை. பூட்டை மாற்றிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பெட்டியோடு ஹைக்கே தடுப்பைத் தாண்டி வந்தாள். எட்டரைக்குச் சரியாக வந்து சேர்ந்த சங்கத்தார் அங்கே திகைத்துப்போய் நின்றார்கள். அப்போது எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் ஒலித்தது.

“இப்பவே வாங்க!”

யோர்க் மூச்சிரைக்க ஓடிவந்தான். முகமெல்லாம் பெருமை.

“பாத்தியா, ஒரு செய்தி கூடத் தொலையல!”

ஹைக்கே பழைய வீட்டுச் சாவியை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

“இதையும் உன் ஃபிரிட்ஜ் மேலயே வை. தொலையாம இருக்கும்.”