மருமகள் வைத்த இலக்கு

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதையும் தானாகச் செய்யத் தெரியாது. நடக்கப் பழக்க ஒருவன், பேசப் பழக்க ஒருவன். அழுவதற்குக்கூடப் பக்கத்தில் ஒருவர் இருந்து, 'அழுங்க, பரவாயில்ல' என்று சொல்ல வேண்டும். கடல் எங்கள் ஊருக்குள் வந்துபோன வருடம் தொடங்கிய பழக்கம் இது. கை கழுவப் பழக்க ஒரு வாகனம் வந்தது. பிள்ளைகளுக்குப் படம் கீறப் பழக்க இன்னொரு வாகனம் வந்தது. பிறகு வந்த பெண்கள் எங்களை வட்டமாக இருத்தி மூச்சு விடப் பழக்கினார்கள். அறுபது வருடமாக நான் எப்படி மூச்சு விட்டேன் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. விட்டு முடிந்ததும் எங்களைப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சண்டை முடிந்து இரண்டாம் வருடம் வந்ததுதான் எல்லாவற்றையும் மிஞ்சியது. வாகரைச் சந்தியில் ஒரு அறை எடுத்துக் கந்தோர் திறந்தார்கள். அதில் ஒரு பெடியன் கதிரை போட்டு உட்கார்ந்தான். பெயர் சிவதர்ஷன், ஊர் நாவற்குடா. கொழும்பில் படித்து வாழ்க்கைப் பயிற்சியாளர் என்று சான்றிதழ் எடுத்தவனாம். தோணி தருவானா? இல்லை. வலை? இல்லை. கூரைத் தகரம்? அதுவும் இல்லை. ஒருவருக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே கேட்டு, அதை அடைய வழி காட்டுவானாம். எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரியும். அதைக் கொண்டுவந்து தருகிறவனைத்தான் காணவில்லை.

அவனிடம் முதலில் போனவர்களில் ஒருத்தி என் மருமகள் தனுஷா.

என் வீட்டு நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி கண்ணகையைக் கடல் கொண்டுபோனது. அதன்பின் ஒரு நிறுவனம் கட்டித் தந்த கல்வீட்டில் நானும் என் ஒரே மகன் உதயரூபனும் தனுஷாவும் இருந்தோம். ஷெல் விழத் தொடங்கியபோது மூவரும் ஓடினோம். மறு வருடம் மூவரும் திரும்பி வந்தோம். வந்து மூன்றாம் மாதம், வலைநூல் வாங்க வாழைச்சேனைக்குப் போன உதயன் திரும்பவில்லை. யார் கொண்டுபோனது என்று கேட்டால் ஊரில் பத்துப் பேர் பத்துக் கதை சொல்வார்கள். பத்தையும் நான் நம்பவில்லை. செத்துவிட்டான் என்பதையும் நம்பவில்லை. அவனுக்குத் தெரிந்த வீடு இது ஒன்றுதான். அவன் வரும் நாளில் கதவு பூட்டிக் கிடக்கக் கூடாது. நான் வலைக்குப் போனால் அவள் வீட்டில் இருப்பாள். அவள் வெளியில் போனால் நான் வாசலில் இருப்பேன். நாலு வருடமாக இந்த வீடு ஒரு பகல்கூடப் பூட்டிக் கிடந்ததில்லை.

இரண்டு கிழமைக்கு ஒரு செவ்வாய் தனுஷா அந்தக் கந்தோருக்குப் போனாள். என்ன கதைக்கிறீர்கள் என்று கேட்டால், "என்னப் பத்தித்தான் மாமா" என்பாள். ஒரு மணித்தியாலம் கதைக்க அவளைப் பற்றி என்ன இருக்கிறது?

மூன்றாம் தடவை போய் வந்த பிறகு அவளிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. சோம்பேறியாகிவிட்டாள்.

"மாமா, அரிசியக் கொஞ்சம் அரிச்சுத் தாங்களன். கை நோகுது."

அரித்துக் கொடுத்தேன். அடுத்த நாள் உலை கொதிக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். அதற்கடுத்த நாள் கஞ்சியையும் நானே வடிக்க வேண்டி வந்தது. அவள் வேலியடியில் பக்கத்து வீட்டு ஆச்சிப்பிள்ளையோடு கதைத்துக்கொண்டு நின்றாள். பிறகு பருப்பு. உப்பு எவ்வளவு என்று நான் குசினிக்குள் இருந்து கத்த, அவள் வெளியில் இருந்து, "உங்கட கைக்குத் தெரியும், போடுங்க" என்றாள். கைக்கு என்ன தெரியும்? அன்றைக்குப் பருப்பை நாய் மணந்து பார்த்துவிட்டுப் போனது. அவள் மட்டும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டுவிட்டு, "நாளைக்கு இதில பாதி போடுங்க மாமா" என்றாள்.

வேலிக்கு மேலால் ஆச்சிப்பிள்ளை தலையை நீட்டினாள்.

"என்ன நல்லரத்தினம், எங்கயும் கலியாணம் பேசியிருக்கா? குசினி வேலயெல்லாம் பழகிறாய்."

"ஆரும் கேட்டு வந்தா உன்ட கறிய விட என்ட கறி நல்லம் எண்டு சொல்லி விடு."

"பருப்பு மணம் இஞ்ச மட்டும் வந்திச்சு. பொய் சொல்ல எனக்கு ஏலாது."

அவள் போட்ட சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவளை விட அந்தப் பெடியன் மேல்தான் எனக்குச் சந்தேகம். நன்றாக வேலை செய்துகொண்டிருந்த பிள்ளையைக் கூப்பிட்டு வைத்து வேலை செய்யாதே என்று பழக்குகிறவன் எதற்காகப் பழக்குகிறான்? சும்மா பழக்குவானா?

அதற்குப் பதில் ஓட்டமாவடியில் இருந்து வந்தது. அங்கிருந்து மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி மீன் எடுக்க வரும் அப்துல் மஜீத், பனிச்சங்கேணிக் களப்புக் கரையில் என் மணலை மீன்களைத் தெரிந்தெடுத்துக்கொண்டே சொன்னான்.

"அண்ணே, பாசிக்குடாப் பக்கம் போனீங்களா? ஹோட்டலுக்கு மேல ஹோட்டல் கட்டுறானுகள். வேலைக்கு ஆள் தேடி ஊரூரா அலையிறானுகள்."

"அலையட்டும். எனக்கென்ன?"

"உங்கட மருமகள் போற கந்தோர் வாசல்லயும் ஹோட்டல் வாகனம் நிண்டிச்சு. என்ட கண்ணால கண்ட."

"எப்ப?"

"போன செவ்வாக்கிழம. பேர் எழுதி ஈந்திச்சு. இங்கிலீசில."

"உனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாதே."

"பேருக்குப் பக்கத்தில தென்னமரம் கீறி ஈந்திச்சு அண்ணே. தென்ன கீறினா ஹோட்டல். கை கீறினா நிவாரணம். இவ்வளவு காலமா எத்தின வாகனத்தக் கண்டிருப்பம்? இது தெரியாதா எனக்கு?"

அவன் சொன்னது சரியாகத்தான் பட்டது. பெடியன் ஹோட்டலுக்கு ஆள் பிடிக்கிறான். அவள் போனால் வீட்டுக்கு யார்? நான் களப்பில் நிற்கும் நேரம் உதயன் வந்து கதவைத் தட்டினால் யார் திறப்பது?

அவள் போகிற அடுத்த செவ்வாய் வந்தது. தனுஷா குளிக்கப் போன நேரம் பார்த்து, ஆச்சிப்பிள்ளையை எங்கள் வாசலில் இருக்கச் சொல்லிவிட்டு நான் முந்திக்கொண்டு கந்தோருக்குப் போனேன். சிவதர்ஷன் தனியாக இருந்தான். எழுந்து கும்பிட்டான். எழுந்து கும்பிடுகிற பெடியன்களிடம் நான் எப்போதும் கவனமாக இருப்பேன்.

"இருங்க ஐயா. முதல்ல உங்கட இலக்கச் சொல்லுங்க."

இதற்கு நான் தயாராகத்தான் போயிருந்தேன். அடையாள அட்டை இலக்கத்தைச் சொன்னேன். அவன் எழுதவில்லை. வீட்டு இலக்கத்தைச் சொன்னேன். அதையும் எழுதவில்லை. நிவாரண அட்டை இலக்கம், முகாமில் எங்கள் கூடாரத்துக்குப் போட்ட இலக்கம் எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை சோதனைச் சாவடியில் எத்தனை தடவை சொன்ன இலக்கங்கள். ஒன்றும் பிசகாது.

"இலக்கம் இல்ல ஐயா. இலக்கு."

"அதெண்டா குறி வெச்சு அடிக்கிற இடம். நான் ஆரையும் அடிக்கல்லயே."

"அப்பிடி இல்ல. உங்கட வாழ்க்கையில நீங்க அடைய நினைக்கிறது."

"அத மறுகா சொல்றன். இதென்ன?" என்று சுவரைக் காட்டினேன். சான்றிதழைக் கண்ணாடிக்குள் போட்டுத் தொங்கவிட்டிருந்தான். தொட முடியாதபடி வைக்கிற கடதாசியை எப்படி நம்புவது? "எவ்வளவு காலம் படிச்சாய்?"

"நூற்றி இருவது மணித்தியாலம் ஐயா."

நான் விரல் மடக்கிப் பார்த்தேன். "அது அஞ்சு நாள். தோணி வலிக்கப் பழகவே எனக்கு ரெண்டு வருசம் போனது."

"ஒரே இருப்பில படிக்கல்ல ஐயா. ஒரு வருசமாக் கொஞ்சம் கொஞ்சமா." சிரித்தான். கோபம் வரவில்லை அவனுக்கு. கோபம் வராதவன் என்றால் எனக்கு இன்னும் சந்தேகம்.

"தென்னமரம் கீறின வாகனம் இஞ்ச வந்ததா?"

"வந்தது. வேலை கேட்ட ஆக்களுக்கு விளக்கம் சொல்ல நான்தான் கூப்பிட்டனான்."

"அப்ப என்ட மருமகள் உன்னட்ட என்ன கேட்டிருக்கிறாள்?"

"அது அவவிட சொந்த விசயம். அவவக் கேக்காமச் சொல்ல எனக்கு உரிமை இல்ல ஐயா."

பிடிபட்டான் என்று நினைத்தேன். நேர்மையானவனுக்கு ஒளிக்க என்ன இருக்கிறது? கேட்டுவிடலாம் என்று வாயெடுக்க, வாசலில் தனுஷா வந்து நின்றாள். தலை இன்னும் ஈரம். என்னைக் கண்டதும் முதலில் கேட்டது ஒன்றுதான்.

"வீட்ட ஆரு மாமா?"

"ஆச்சிப்பிள்ள."

மூச்சு விட்டாள். பிறகு அவனைப் பார்த்து, "எடுங்க சேர், நானே வாசிக்கிறன்" என்றாள். அவன் ஒரு தாளை எடுத்துக் கொடுத்தான். அவள் நின்றபடியே வாசித்தாள்.

"என்ட இலக்கு. மூணு மாசத்துக்குள்ள பாசிக்குடா ஹோட்டல்ல துணி தோய்க்கிற பகுதியில வேலைக்குச் சேருறது. கிழமைக்கு ஆறு நாள் அங்க தங்குறது. தடை, மாமா சாப்பாட்டுக்குத் தனியக் கஷ்டப்படுவார். அதுக்கு மூணு படி. ஒண்டு சோறு. ரெண்டு பருப்பு. மூணு மீன் ஆணம்."

தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் தெரியும். ஆனால் சோற்றுக்கும் பருப்புக்கும் பக்கத்தில் சரி போட்டு நாளும் எழுதியிருந்தது தெரிந்தது. மீன் கறிக்கு நேரே இடம் வெறுமையாகக் கிடந்தது. விளங்குவதற்கு எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"கை நோகுது எண்டாயே?"

"நோகல்ல மாமா."

"இந்தப் பொய்யும் இவன் படிப்பிச்சதா?"

"அது நானா யோசிச்சது. நேர கேட்டா நீங்க குசினிக்குள்ள காலும் வெக்க மாட்டீங்க."

"அப்ப நீ வெச்ச குறி நான்தான்."

"ஐயா, அத அப்பிடிப் பாக்கக் கூடாது..." என்று பெடியன் தொடங்கினான்.

"நீ பொறு தம்பி. உனக்குச் சோறாக்கித் தந்தது நான் இல்ல." அவளிடம் திரும்பினேன். "உதயன் வந்தா?"

அவள் தாளை மடித்தாள், பிறகு விரித்தாள்.

"வந்தா வீட்ட நீங்க இருப்பீங்க. வீட்டப் பூட்டிப்போட்டு உங்களையும் கூட்டிக்கொண்டு போறதெண்டா நான் ஏன் மாமா இந்தப் பாடு படணும்? அந்த உப்புப் பருப்ப ஏன் திண்டிருக்கணும்? கதவு திறந்து கிடக்கணும் எண்டுதானே உங்களுக்கு அடுப்பு மூட்டப் பழக்கினன். நீங்க வலைக்குப் போற நேரத்துக்கு ஆச்சிப்பிள்ள மாமி வந்து இருக்கிறன் எண்டிருக்கிறா."

ஆச்சிப்பிள்ளையும் கூட்டு. வேலிக்கு மேலால் போட்ட அந்தச் சிரிப்புக்கு இதுதான் அர்த்தம்.

"நீ இல்லாம அவன் வந்து என்ன செய்வான்?"

"ஒரு சொல்லு அனுப்புங்க. அண்டைக்கே வருவன். பாசிக்குடா என்ன, கடலுக்கு அங்காலயா கிடக்கு?" தாளை மேசையில் வைத்தாள். "எனக்கு முப்பத்தொரு வயசு மாமா. நாலு வருசம் அந்த வாசலையே பாத்துட்டன். இனியும் பாப்பன். ஆனா அங்கயே குந்தியிருந்து பாக்க என்னால ஏலா."

என் மகனை அவள் விட்டுவிடப் போகிறாள் என்று வந்தவன் நான். விடுகிறவளின் பேச்சு மாதிரி இது இல்லை. கோபத்தைக் காட்ட எனக்கு வேறு ஆள் தேவைப்பட்டது. பெடியனைப் பிடித்தேன்.

"நீ படி எழுதுறவன்தானே. பேனய எடு. என்ட மகன் வீட்ட வாறத்துக்கும் எழுது. ஒண்டு, ரெண்டு, மூணு. நாளும் போடு."

அவன் பேனையை எடுக்கவில்லை. சிரிக்கவும் இல்லை.

"அது எங்கட கையில இல்ல ஐயா. நம்மட கையில உள்ளதுக்குத்தான் என்னால படி எழுத ஏலும்."

"ஆரிட கையில இருக்கு எண்டாவது தெரியுமா?"

"தெரியா ஐயா."

தெரியாது என்று சொன்ன முதல் ஆள் அவன். ஊரில் பத்துப் பேருக்கும் தெரியும். மேலிடத்துக்காரர் எல்லாருக்கும் தெரியும், நாளைக்குச் சொல்கிறேன் என்பார்கள். இவன் தெரியாது என்றான். அதற்காக இவனை நம்ப வேண்டும் என்று இல்லை.

"போ மகள்" என்று தனுஷாவிடம் சொன்னேன். "ஆனா அந்த இடத்த நான் முதல்ல போய்ப் பாப்பன். மஜீதோட போறன். துணி தோய்க்கிறம் எண்டா துணிதான் தோய்க்கிறாங்களா எண்டு கண்ணால காணணும்."

"போய்ப் பாருங்க மாமா. மீன் ஆணம்?"

"கெளுத்தி கொண்டு வாறன். புளி எப்ப போடுறதெண்டு இந்த முற குசினிக்குள்ள வந்து நிண்டு காட்டு. வேலியடியில நிண்டு கத்தாத."

அவள் கண்ணைத் துடைத்தாளா, தலையில் இருந்து வடிந்த தண்ணீரைத் துடைத்தாளா என்று நான் பார்க்கவில்லை. பெடியனுக்கு முகம் விரிந்தது. மேசை லாச்சியில் இருந்து ஒரு புதுத் தாளை எடுத்தான்.

"ஐயா, உங்களுக்கும் ஒண்டு தொடங்குவம். அடுத்த தடவ மருமகளோட சேர்ந்து வாங்க."

"எனக்கு வேணுமெண்டத நான் சொல்லிட்டன். நீ ஏலாது எண்டிட்டாய். மறுகா என்னத்துக்குத் தாள்?"

எழுந்தேன். அவன் வாசல் வரை வந்து ஏதோ சொன்னான். மாற்றம் என்றோ முன்னேற்றம் என்றோ காதில் விழுந்தது. நான் நின்று கேட்கவில்லை. அவள் போக முடிவெடுத்தது அவளுடைய தலையால். சோறு ஆக்கியது என் கையால். நடுவில் இவன் செய்தது ஒரு தாளில் சரி போட்டது. அதைக் கண்ணாடிக்குள் போட்ட சான்றிதழ் இல்லாதவனும் செய்வான். வாழ்க்கைப் பயிற்சி என்ற இந்தப் பேச்சில் எனக்கு அன்றைக்கும் நம்பிக்கை வரவில்லை, இன்றைக்கும் இல்லை.

பதினொரு மணியாகியிருந்தது. இனி ஆச்சிப்பிள்ளை தன் வீட்டில் அடுப்பு மூட்ட எழுந்துவிடுவாள். எங்கள் வாசலில் ஆள் வேண்டும். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு எட்டி நடந்தேன்.