கெஸ்லர் படிக்காமல் விட்ட குறிப்பு

ஒஹாயோவின் அந்தச் சிறு கல்லூரியில் பேராசிரியர் கெஸ்லரிடம் மாட்டிய மாணவன் தப்பியதாகச் சரித்திரம் இல்லை. முப்பத்தைந்து வருடமாக அவர் நடத்திய பாடம் ஒன்றே ஒன்றுதான்: ஆணவத்தால் அழிந்த நாயகர்கள். கிரேக்க அரசன், ஜப்பானிய வீரன், ஆப்பிரிக்கத் தலைவன் என்று ஒவ்வொருவரையும் வகுப்பின் நடுவே நிறுத்தி, "இவன் எங்க சறுக்கினான்?" என்று கேட்பார். அடுத்தவன் சறுக்கலைக் கண்டுபிடிப்பதில் மனிதர் புலி.

காப்பியடித்தவரைக் கல்லூரியை விட்டே அனுப்பும் விதியை எழுதியவரும் அவர்தான். மாணவரோ ஆசிரியரோ, எல்லோருக்கும் ஒரே தண்டனை. 'மறந்துவிட்டேன்' என்பது காரணமாகாது என்ற வரியை அடம்பிடித்துச் சேர்த்ததும் அவரே.

இன்று விசாரணைக் குழுவின் முன்னால் உட்கார்ந்திருந்தவள் மாரிசோல் ஒகாம்போ. பட்டம் வாங்க இன்னும் மூன்றே வாரம். அவள் கட்டுரையில் கெஸ்லரின் புகழ்பெற்ற புத்தகத்துப் பத்தி ஒன்று அட்சரம் பிசகாமல் இருந்தது.

"தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்மா," என்றார் கெஸ்லர். "'ஆணவக்காரனுக்கு ஊரெல்லாம் தெரியும், தன் வீட்டு வாசல் மட்டும் தெரியாது.' எழுதினவன்கிட்டயே திருடி, அவன்கிட்டயே நீட்டுறியே. என்ன நெஞ்சழுத்தம்!"

குழுத்தலைவி லண்ட் நிமிர்ந்தார். "கெஸ்லர், பத்தி முடியற இடத்துல ஒரு எண் இருக்கே. அதுக்கான குறிப்பைப் படிச்சீங்களா?"

படிக்கவில்லை. 'குறிப்பைப் படிக்காதவன் கட்டுரையைத் தொடாதே' என்று மாணவர்களை வறுத்தெடுப்பவர், தன் வாக்கியத்தைக் கண்டதுமே தாளை மூடிவிட்டார். பெற்ற பிள்ளையை அடையாளம் காண யாருக்காவது சான்றிதழ் வேண்டுமா?

லண்டே படித்தார். "ரோசா ஒகாம்போ. இளங்கலை ஆய்வேடு, 1989."

"யாரு அது?"

"எங்கம்மா, புரொபசர்," என்றாள் மாரிசோல். "உங்க ஸ்டூடண்ட்."

கெஸ்லரின் புத்தகம் வந்தது 1993இல்.

நேற்று மாலை நூலகத்தில் தேடி எடுத்த பழைய ஆய்வேட்டை லண்ட் அவர் முன் நகர்த்தினார். தட்டச்சு எழுத்தில் அதே பத்தி. ஓரத்தில், அந்தக் கல்லூரியில் வேறு யாரும் தொடாத பச்சை மையில், கெஸ்லரின் கிறுக்கல்: 'அபாரம், ரோசா! இது எங்கிருந்து எடுத்தது?'

கீழே பென்சிலில் சின்ன எழுத்து: 'எங்கிருந்தும் இல்லை. என்னுடையதுதான்.'

அந்தப் பத்தியை எழுதிய காலை கெஸ்லருக்கு இன்னும் நினைவிருந்தது. ஜன்னலில் பனி, மேஜையில் ஆறிப்போன காபி. அந்தக் காலையே நடக்கவில்லையா? இத்தனை வருடம் கைதட்டல் வாங்கிய வரி, இந்தப் பெண்ணைப் பெற்றவளுடையதா? அவளுடைய முகம்கூட ஞாபகம் வரவில்லை. அதுதான் அவரை உலுக்கியது.

"நான்... சத்தியமா நான்..." அடுத்த சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொல்ல முடியாதபடி அவரே விதி போட்டிருந்தார். நுணலும் தன் வாயால் கெடும்.

"உங்க புத்தகத்தை அம்மா முதல் நாளே வாங்கிட்டு வந்தாங்களாம்," என்றாள் மாரிசோல். "அந்தப் பக்கத்தைப் படிச்சிட்டு அன்னிக்கு முழுக்கப் பேசவே இல்லையாம். புகார் எழுதுன்னு அப்பா குதிச்சிருக்காரு."

"ஏன் எழுதல?" என்று கேட்டார் கெஸ்லர்.

"'விடுங்க, பாவம், மறந்திருப்பாரு'ன்னு சொல்லிட்டாங்களாம்."

கெஸ்லர் புகார்த்தாளைத் தன் பக்கம் இழுத்தார். மாரிசோல் என்றிருந்ததை அடித்தார். அந்த இடத்தில் தன் பெயரை எழுதினார், பச்சை மையில்.