ஜுனைதா டீச்சரின் சுவிங்கம்

1

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. என் மனைவியின் உம்மாவுக்குக் குடலிறக்க ஒப்பரேஷன் நடந்தது. அவவுக்குக் கஞ்சி கொண்டு கல்முனை ஆஸ்பத்திரியின் பெண்கள் வாட்டுக்குப் போனேன். போன இடத்தில், ஜன்னலோரக் கட்டிலில், மருதமுனை முழுவதும் அறிந்த ஜுனைதா டீச்சர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சுவிங்கம் மென்றுகொண்டிருந்தார்.

இதில் என்ன கதை என்று வெளியூர் வாசகர் கேட்கலாம். ஜுனைதா டீச்சர் காலமெல்லாம் கணிதம் படிப்பித்து, அதிபராக ஓய்வுபெற்றவர். வகுப்பில் ஒரு வாய் அசைபோட்டால் அவர் ஏச மாட்டார், அடிக்க மாட்டார். சோக்கை மேசையில் வைத்துவிட்டு அந்த வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். வாய்க்காரர் எழுந்து போய்த் துப்பிவிட்டு வரும்வரை பாடம் நகராது. கல்யாண வீடுகளில்கூட அவரைக் கண்டால் பெரிய மனிதர்கள் வெற்றிலையை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொள்வார்கள்.

ஸலாம் சொன்னேன். பதில் சொல்லுமுன் அவரும் வாயில் இருந்ததைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டார்.

"இது மருந்து," என்றார். "எழுதிக் கிழுதிப் போடாதீங்க."

(பிறகு அவரே எழுதச் சொன்னார். இல்லாவிட்டால் எனக்கு ஏது துணிச்சல்!)

2

தொடக்கங்களைப் பலமுறை எழுதிக் கிழித்தேன்.

"கல்முனைக் கடலில் அன்று அலை —"

(வேண்டாம். அந்த வாட்டிலிருந்து கடல் தெரியாது. தெரிவது தண்ணீர்த் தாங்கியும் மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தும் கொட்டகையும்.)

"தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்த ஜுனைதா, ஒரு நெசவுக்காரியின் —"

(பொய். அவருடைய வாப்பா லொறி ஓட்டியவர். நெசவுக்குப் பேர்போன மருதமுனை என்று எழுதியதும் என் கை தானாகவே தறியைத் தேடிப் போகிறது. தட்டிவிட வேண்டியிருக்கிறது.)

"டொக்டர் நதீரா கேட்டபோது ஜுனைதா டீச்சர் சிரித்தார்."

இதுதான் சரி. இதிலிருந்தே போவோம்.

3

டொக்டர் நதீரா கேட்டபோது ஜுனைதா டீச்சர் சிரித்தார். பெருங்குடலில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்த பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

நதீரா அக்கரைப்பற்றுக்காரி. சத்திரசிகிச்சைப் பிரிவில் ஒரு ஆய்வை நடத்திக்கொண்டிருந்தவர். கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளங்கப்படுத்தினார். வயிற்றைத் திறந்து குடலை வெட்டித் தைத்தால் குடல் சில நாள் உறங்கிவிடும். அது விழிக்கும்வரை சாப்பாடு இறங்காது. வயிறு ஊதும், வாந்தி வரும். வாயில் எதையாவது மென்றால், சாப்பாடு வருகிறதாக்கும் என்று ஏமாந்து குடல் சீக்கிரம் விழிக்கலாம். விழிக்காமலும் விடலாம். அதைத்தான் பார்க்கிறார்கள். ஒப்பரேஷன் செய்பவர்களில் பாதிப் பேருக்கு வழமையான பராமரிப்பு. மற்றப் பாதிக்கு அதோடு சீனியில்லாத சுவிங்கமும். யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும்.

"ஏன் கம்ப்யூட்டர்? நீங்க பாத்துக் குடுக்க ஏலாதா?"

"ஏலா, டீச்சர். நான் தெரிவு செஞ்சா, நல்ல தெம்பான ஆக்களுக்கு என்னை அறியாமலே சுவிங்கத்தக் குடுத்திருவன். பொறகு சுகப்படுத்தினது சுவிங்கமா தெம்பா எண்டு தெரியாமப் போயிரும்."

டீச்சருக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்துவிட்டது. நிகழ்தகவுப் பாடத்துக்காக எத்தனை வகுப்புகளில் நாணயம் சுண்டிக் காட்டியிருப்பார்! "இப்ப என்னையே சுண்டப் போறீங்க," என்றார். "சுண்டுங்க மகள்."

சுவிங்கம் குழு விழுந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

"மத்தக் குழுவுக்கு மாற ஏலாதா?"

"வேணாமெண்டா ஆய்விலிருந்து விலகலாம், டீச்சர். எப்பவும் விலகலாம். மாறுறதுதான் ஏலா."

விலகவில்லை. சுண்டிய காசு விழுந்த பிறகு ஆட்டத்தைக் கலைப்பவர்களை அவருக்கு என்றைக்குமே பிடித்ததில்லை.

4

ஒப்பரேஷன் நன்றாக நடந்தது. கட்டியை எடுத்துவிட்டுக் குடலின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள். சாப்பாட்டு வேளைகளில் மற்றவர்களுக்குச் சோறு வர, டீச்சருக்குச் சுவிங்கம் வந்தது. கணவர் நளீம், ஓய்வுபெற்ற தபாலதிபர், தாளை உரித்து நீட்டுவார்.

"என்ன பாக்கிறீங்க? ஆடு மாதிரி இரிக்கா?"

"ஆடு இவ்வளவு கோவமா மெல்லாது," என்றார் நளீம்.

டொக்டர்கள் வாட்டைச் சுற்றிவரும் ஒவ்வொரு வேளையும் ஒரே கேள்வி: "டீச்சர், காத்துப் பிரிஞ்சிதா?"

(இந்த இடத்தில் எனக்குப் பேனா நின்றது. வாயு என்றால் நாட்டு மருந்துக்கடை விளம்பரம் போல் இருக்கிறது. வீட்டுச் சொல்லைப் போட்டால் மச்சான்மார் இந்தப் பக்கத்தை மட்டும் படமெடுத்து ஊரெல்லாம் அனுப்புவார்கள். ஆகவே காற்று. குடலை வெட்டித் தைத்த எவரையும் கேட்டுப் பாருங்கள், உலகத்தில் அதைவிட நல்ல சத்தம் இல்லை என்பார்.)

டீச்சரின் சங்கடம் வேறு வகை. காற்றுப் பிரிந்தால் வுழூ முறியும். பிறகு கை கால் முகம் கழுவித்தான் தொழலாம். ஆயுள் முழுவதும் தொழுகையில் அது வந்துவிடக் கூடாதென்று காத்தவர், இப்போது இரண்டு கைகளையும் ஏந்தி அது வரவேண்டுமென்று துஆக் கேட்டார். கேட்கும்போது கொஞ்சம் வெட்கப்பட்டதாக என்னிடம் ஒப்புக்கொண்டார்.

பின்னேரத்து அஸர் தொழுகை. எழுந்து நிற்க முடியாததால் படுக்கையிலேயே சாய்ந்து, தலையசைவால் தொழுதுகொண்டிருந்தார். பாதியில் வந்தது.

சந்தேகத்துக்கு இடமில்லை. டீச்சர் தொழுகையை விட்டார். சிரித்தார். தையல் இழுத்து வலிக்க வலிக்கச் சிரித்தார். "அல்ஹம்துலில்லாஹ். தண்ணி கொண்டு வாங்க, திரும்ப வுழூ எடுக்கணும்." தண்ணீருக்குப் போன நளீம் வாட்டு வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதை என் மாமி பார்த்தா.

இங்கேயே முடித்திருந்தால் நல்ல சிரிப்புக் கதை. ஆனால் பக்கத்துக் கட்டிலில் துஷாந்தினி இருந்தாள்.

5

துஷாந்தினி பாண்டிருப்பைச் சேர்ந்தவள், பிரதேச செயலகத்தில் வேலை. டீச்சருக்கு ஒப்பரேஷன் நடந்த அதே நாளில் அவளுக்கும் அதே போன்ற ஒப்பரேஷன். குலுக்கலில் அவளுக்கு வழமையான பராமரிப்பு விழுந்திருந்தது. டீச்சர் தேத்தண்ணீர் குடிக்கத் தொடங்கியபோது துஷாந்தினியின் வயிறு மத்தளம் போல் ஊதி, பச்சையாக வாந்தி எடுத்து, மூக்கு வழியாகக் குழாய் விட்டிருந்தார்கள்.

"எனக்கு ஏலாமக் கிடக்கு, டீச்சர். வயிறு வெடிக்கும் போல."

டீச்சரின் தலையணை ஓரத்தில் சுவிங்கம் இருந்தது. பகிரக் கூடாதென்பது தெரியும். ஏன் கூடாதென்பது அந்த வாட்டில் டொக்டர்களுக்கு அடுத்தபடி அவருக்குத்தான் தெரியும்.

(இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுக்காமல் இருந்தார். மிகவும் ஒழுங்கான பாத்திரம்; எனக்கே அவரைப் பிடிக்கவில்லை. போதாததற்கு, நடந்தது அதுவல்ல.)

"இந்தாங்க மகள், மெல்லுங்க."

"எனக்கு அது விழல்லயே, டீச்சர்."

"எனக்கு விழுந்த. நான் தாறன்."

துஷாந்தினி ஒருகணம் தயங்கினாள். பிறகு வாங்கி மென்றாள். மறுநாள் காலை அவளுக்கும் காற்றுப் பிரிந்தது. வாட்டில் இருந்த பெண்கள் எல்லோரும் பிள்ளை பிறந்தது போல் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

6

நதீரா வந்ததும் டீச்சர் தானாகவே சொல்லிவிட்டார்.

"நான் குடுத்த, டொக்டர். அவக்குச் சரி வந்திட்டு. இதுக்கு மேல என்ன ஆராய்ச்சி?"

நதீரா ஏசவில்லை. முகம் மட்டும் வாடியது. அந்தக் கதிரையை மறுபடி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒரு காசை ஒருக்காச் சுண்ட, தல விழுகுது. இந்தக் காசு எப்பவும் தலதான் விழும் எண்டு ஒரு புள்ள எழுதினா, நீங்க மார்க்ஸ் போடுவீங்களா, டீச்சர்?"

டீச்சர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு கோபத்தோடு திரும்பினார். "அப்ப அவ வாந்தி எடுக்கக்குள்ள நான் பாத்துட்டு இரிக்கணுமா?"

"இல்ல. என்னைக் கூப்பிட்டிரிக்கணும். அவக்குச் செய்ய வேண்டியது ஒண்டும் குறைய இல்ல, டீச்சர். குழாய் வெச்ச, சேலைன் குடுத்த, பக்கத்துல நிண்ட. சுவிங்கம் உதவும் எண்டு எனக்குத் தெரிஞ்சிருந்தா எல்லாருக்கும் குடுத்திரிப்பன். தெரியாததாலதான் இவ்வளவு பாடு."

"அவட கணக்கு கெட்டுப் போச்சா?"

"கெடல்ல. எந்தக் குழுவில விழுந்தாவோ அந்தக் குழுவிலதான் அவவ எண்ணுவம். நீங்க குடுத்ததையும் பதிவம். மனிசர் பக்கத்துக் கட்டிலுக்கு ஒண்டு குடுக்காம இரிக்க மாட்டாங்க எண்டதும் கணக்குக்குத் தெரியத்தானே வேணும்."

(எழுதுகிறவனுக்கு இந்த விதி வலிக்கும். பிடித்த பாத்திரத்தை நல்ல பக்கத்துக்கு நகர்த்துவதுதான் என் தொழிலின் பெரிய ஆசை. நதீராவின் கணக்கில் எவரையும் நகர்த்த முடியாது. இந்தக் கதையிலும் நான் நகர்த்தவில்லை. அதனால்தான் அடுத்த பகுதி இப்படி வருகிறது.)

7

துஷாந்தினி வீட்டுக்குப் போனாள். அன்று பின்னேரம் ஜுனைதா டீச்சருக்குக் காய்ச்சல் வந்தது.

முதலில் மென்றவர், முதலில் தேத்தண்ணீர் குடித்தவர், இப்போது போர்வைக்குள் நடுங்கினார். வயிற்றைத் தொடவிடவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். நதீரா வந்து கையைப் பிடித்துக்கொண்டு சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"தைச்ச இடத்துல கசியுது, டீச்சர். சிலருக்கு இப்பிடி வரும். உடன திறக்கணும்."

"சுவிங்கத்தாலயா?"

"அப்பிடி நினைக்க எனக்குக் காரணம் ஒண்டும் இல்ல. ஆனா ரெண்டு குழுவிலயும் ஆராருக்குக் கசியுது எண்டு எண்ணுறம்."

சிலருக்கு. அந்தச் சொல்லை அவர் கரும்பலகையில் எத்தனையோ தடவை பின்னமாக எழுதியவர். கீழே ஒரு பெரிய எண், மேலே ஒரு சின்ன எண். அந்தச் சின்ன எண்ணுக்குப் பயம் வரும், வாய் உலரும், கணவன் வெளியே நிற்கும் இடம் தெரியாமல் கண் தேடும் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. தள்ளுவண்டியில் போகும்போது, கடைசி நேரத்தில் சொல்லும் கலிமாவைச் சொல்லிக்கொண்டு போனார். நளீம் வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கதவுவரை நடந்தார்.

"டீச்சர் கண்களை —"

(இல்லை. பிழைத்தார். வாசகரைப் பயமுறுத்த ஒரு வரி போதும், அது மேலே இருக்கிறது.)

பிழைத்தார், ஆனால் இலேசில் அல்ல. தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். குடல் ஆறும்வரை மலம் வெளியேற வயிற்றில் ஒரு பை வைத்தார்கள். வாட்டுக்குத் திரும்பியபோது எவருடனும் கதைக்க மாட்டேன் என்று மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நளீம் உரித்துக் கொடுத்த தோடம்பழம் அப்படியே கிடந்தது.

அப்போதுதான் பாண்டிருப்பிலிருந்து துஷாந்தினி வந்தாள். வயிற்றில் பட்டி கட்டியபடி, முச்சக்கர வண்டியில் குலுங்கிக் குலுங்கி. கட்டிலைச் சுற்றிப் போய்ச் சுவருக்கும் டீச்சருக்கும் நடுவில் நின்றாள்.

"எழும்புங்க டீச்சர். டொக்டர் நடக்கச் சொன்னதாம், நீங்க நடக்கல்லயாம்."

"எனக்கு ஏலா மகள்."

"எனக்கும்தான் ஏலாது. ரெண்டு பேரும் ஏலாம நடப்பம்."

இருவரும் நடந்தார்கள். ஒருத்தி பட்டியைப் பிடித்துக்கொண்டாள், மற்றவர் பையைப் பிடித்துக்கொண்டார். கட்டில்களுக்கு நடுவே போய், மருந்து அலமாரியைத் தொட்டுவிட்டுத் திரும்பினார்கள். பாதி வழியில் டீச்சர் அவளுடைய தோளில் சாய்ந்து அழுதார். வாட்டில் எவரும் பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தோடம்பழத்தைப் பாதியாக்கி இருவரும் தின்றார்கள்.

சில மாதங்களில் பையை எடுத்து, குடலை மறுபடி பொருத்தினார்கள். இப்போது நன்றாக இருக்கிறார்.

8

இதுவரை எழுதியதை மருதமுனைக்குக் கொண்டுபோய் டீச்சருக்கு வாசித்துக் காட்டினேன். முடிவுகளையும் எழுதியிருந்தேன். ஒன்றில் ஆய்வு முடிந்து சுவிங்கம் வெல்கிறது. இன்னொன்றில் தோற்கிறது. மற்றொன்றில் —

"ஆய்வு முடியல்ல. நீங்க எப்பிடி விடை போட்ட?" என்றார். எல்லாவற்றையும் வெட்டினேன்.

பதிலாக, போன கிளினிக்கில் நடந்த ஒன்றைச் சொன்னார். காத்திருப்பவர்கள் உட்காரும் வாங்கில் டீச்சருக்குப் பக்கத்தில் ஒரு பெண். சாகாமத்தில் வயல் செய்கிறவள். வயிற்றில் பெரிய ஒப்பரேஷன் வரப்போகிறது. நதீராவின் ஆய்வில் சேரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். கையெழுத்துப் போட வேண்டிய தாளும் பேனாவும் மடியில் இருந்தன.

"டீச்சர், நீங்க சேந்தவவாமே. சுவிங்கம் கிடைச்சா நல்லமா, கிடைக்காட்டி நல்லமா?"

"தெரியா."

"படிப்பிச்ச நீங்களே தெரியா எண்டா?"

"நான் மெண்ட. கெதியாச் சுகம் வந்த. பொறகு சாகக் கிடந்த. பக்கத்துக் கட்டில் புள்ள என்னை விடச் சுகமாப் போன. இதுல ஒண்டையும் வெச்சு ஒங்களுக்கு நான் புத்தி சொல்ல மாட்டன். எல்லாரையும் எண்ணி முடிச்சாத்தான் சொல்லலாம். நீங்க சேந்தா எண்ண ஒராள் கூடும். சேராட்டியும் ஒங்கள நல்லாத்தான் பாப்பாங்க. அது மட்டும் எனக்குத் தெரியும்."

அந்தப் பெண் தாளைப் பார்த்தாளாம். பேனாவின் மூடியைக் கழற்றினாளாம்.

"பொறகு?" என்றேன்.

"என்ர பேரக் கூப்பிட்டாங்க. நான் உள்ளுக்குப் போயிட்டன்."

விசாரித்தால் தெரிந்துவிடும். சாகாமம் எட்டாத ஊர் இல்லை, நதீராவும் என் தொலைபேசியை எடுக்காதவர் இல்லை. ஆனால் விசாரிக்கப் போவதில்லை. அந்தப் பெண் கையெழுத்திட்டாள் என்று எழுதினால் நான் ஆய்வுக்கு ஆள் பிடித்தவனாவேன். மூடியைத் திரும்பப் போட்டாள் என்று எழுதினால் ஆளைக் கலைத்தவனாவேன். இரண்டும் ஒரு கதைக்காரனின் வேலையில்லை.

வாங்கில் அவளுக்குப் பக்கத்து இடம் இப்போது காலி. போய் உட்காருங்கள். பேனா திறந்தபடிதான் இருக்கிறது. வயிறு உங்களுடையது என்று வைத்துக்கொண்டு கதையை நீங்களே முடியுங்கள்.