சூடு பட்ட இடம்

பச்சைத் துணியில் சுற்றிய ரைஃபிளை மேஜை மேல் கிடத்திவிட்டு, சாருலதா இரண்டடி பின்னால் போய் நின்றாள்.

"இந்த பேரலைக் கழற்றணுங்க. கழற்றித் துண்டு துண்டா அறுத்துப் போட்டுடணும். இது இனி ஒரு நாளும் வெடிக்கக் கூடாதுங்க."

சக்ரபாணி முதலில் போலீஸ் அனுமதியை வாங்கிப் படித்தார். பாதுகாப்புத் துறை டூல்ரூமில் உழைத்து ஓய்வு பெற்றபின், ஹைதராபாத் மல்லாபூரில் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டுத் துப்பாக்கி பழுது பார்ப்பவர். அவருடைய லைசென்ஸ், முருகன் படத்துக்குப் பக்கத்தில் சட்டம் போட்டுத் தொங்கியது. காகிதம் சரியாகத்தான் இருந்தது. துப்பாக்கி யாருடையது என்ற இடத்தில் மட்டும், பெயருக்கு முன்னால் 'லேட்' என்று போட்டிருந்தது.

"உங்க வீட்டுக்காரரா?"

"ஆமாங்க. சம்பந்தம். வால்பாறைத் தோட்டத்துல அவங்கப்பா வெச்சிருந்த துப்பாக்கி. கொண்டாப்பூருக்கு வேலைக்கு வந்தப்ப லைசென்ஸை மாத்தி இதையும் கூடவே கொண்டு வந்தார்." அவள் குரல் இறங்கியது. "போன வருஷம் இதாலயேதான் போனார்."

வெளியே மழை. கேட்டுக்கு அப்பால், தென்னை மரத்தடியில் ஸ்கூட்டி மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மழைக்கோட்டு போட்டிருந்தாள், ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"உங்க பொண்ணா? நனையறாளே. உள்ள வரச் சொல்லுங்கம்மா."

"ஸ்ரேயா வர மாட்டா. அப்பா நம்மளை வேணாம்னு விட்டுட்டுப் போயிட்டார்னு நினைக்கிறா. அது பொய்யுன்னு அவகிட்டச் சொல்ல எனக்கு வாய் வரலீங்க. நானும் அதையேதான் நினைக்கிறேன்."

போலீஸ் விபத்து என்றுதான் எழுதியிருந்தது. பாவம் பார்த்து அப்படி எழுதினார்கள் என்று உறவு முழுக்கப் பேசியது. சம்பந்தம் பால்கனியில் கிடந்தபோது, துப்பாக்கியின் மரக்கட்டை தனியாக, இரும்பு தனியாக இருந்ததாம். கட்டையைக் கழற்றினால்தான் விசை கைக்கு எட்டும் என்று சாருலதாவின் அண்ணன் விளக்கம் சொன்னாராம்.

"அதோட பக்கத்து ஃப்ளாட் ஃபாத்திமா வேற சொன்னாங்க. அன்னிக்கு வீடு நிறையக் கூட்டம். என்னைக் கட்டிப் பிடிச்சுட்டு, 'பர்ஸோ மொட்டை மாடியில தனியா உக்காந்து குழந்தை மாதிரி அழுதார்'னாங்க. அப்புறம் என்னங்க சந்தேகம்? மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டுத்தான் அழுதிருக்கார். எனக்குத் தெரியவே இல்ல."

சக்ரபாணி வேலையைப் பார்த்தார்.

போல்ட்டை உருவினார். உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்தார், பிறகு சுண்டுவிரலை விட்டும் பார்த்தார். கட்டையைக் கழற்றினார். போலீஸ் கிடங்கில் பூசிய கிரீஸ் கறுப்பாக அப்பியிருந்தது. தொழிற்சாலையில் முறுக்கி அனுப்பிய பேரல். அதன் மரை இத்தனை வருஷமாக அசைந்திருக்காது.

பேரலுக்கு இருபுறமும் மரத்துண்டு கொடுத்து, மேஜையில் பதித்த வைஸ் இடுக்கியில் இறுக்கப் போனவர், நின்றார்.

இரும்பில் மர ரேகை பதிந்திருந்தது. அவர் மரத்துண்டு வைக்கப் போன அதே இடத்தில், அதே அகலத்தில்.

யாரோ இதை ஏற்கெனவே வைஸில் பிடித்திருக்கிறார்கள்.

சரி, இருக்கட்டும் என்று இறுக்கினார். மரை சேரும் இடத்தில் எண்ணெய் விட எண்ணெய்க் குவளையைச் சாய்த்தார். அங்கே பழைய எண்ணெய் காய்ந்து பிசினாக நின்றது. பெரிய ஸ்பேனரை மாட்டினார். அதன் வாய் போய் உட்கார்ந்த இடத்தில் முன்பே ஒரு கீறல். அவர் வலது கைக்காரர். அந்தக் கீறலோ, ஸ்பேனரை எதிர்ப்பக்கத்திலிருந்து மாட்டி இழுத்த கீறல்.

"உங்க வீட்டுக்காரர் இடது கையா?"

"ஆமாங்க!" சாருலதா திடுக்கிட்டாள். "எப்படித் தெரியும்?"

அவர் கீறலை விரலால் தடவினார். எதைச் செய்யப் போனாலும், ஒரு கை தனக்கு முன்னால் அங்கே போயிருந்தது. தோளுக்குப் பின்னால் நின்று ஒருவன், 'ஆமா சார், நானும் இப்படித்தான் பண்ணினேன்' என்று சொல்வது போல இருந்தது.

ஸ்பேனரில் தொங்கினார். அசையவில்லை. நீளக் குழாயைச் செருகி, காலை ஊன்றி இழுத்தார். வைஸ் முனகியது, மேஜை முனகியது. பேரல் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

டீயோடு மனைவி கல்பகம் எட்டிப் பார்த்தாள். "என்ன, மூச்சு வாங்குது? அது வரமாட்டேன், நக்கோங்குதுல்ல, விட்டுட்டு டீயைக் குடிங்க. அப்புறம் ராத்திரி முழுக்க இடுப்புக்கு ஒத்தடம் யார் குடுக்கிறது? நான்தானே?"

"நீ உள்ள போ கல்பு."

அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் டீயை வைத்துவிட்டு மறுபேச்சில்லாமல் போனாள்.

அடுத்த வேலை அவருக்குத் தெரியும். சூடு. பிடிவாதமான மரைக்கு, கேஸ் டார்ச்சால் அதைக் கவ்வியிருக்கும் வெளி வளையத்தைச் சுட வைத்தால் பிடி தளரும். டார்ச்சை எடுத்தார். தீ வைக்குமுன் கிரீஸைத் துடைக்க வேண்டும். பழைய வேட்டித் துண்டை மண்ணெண்ணெயில் நனைத்து வளையத்தின் அடிப்பக்கத்தைத் துடைத்தார்.

கறுப்பு விலகியது. கீழே இரும்பு, வைக்கோல் நிறத்தில் தொடங்கி ஊதாவாகி, நடுவில் மயில் கழுத்து நீலமாக மின்னியது.

சக்ரபாணி டார்ச்சை மெதுவாகக் கீழே வைத்தார்.

இரும்புக்குத் தானாக அந்த நிறம் வராது. தீ பட்டால்தான் வரும்.

இதுவரை அவர் வைத்த ஒவ்வோர் அடியையும் இந்த மனிதன் முன்பே வைத்திருக்கிறான். கடைசி அடி இதுதான். இதற்கு அப்பால் அவன் இல்லை.

"அம்மா, அன்னிக்கு பால்கனி மேஜையில கேஸ் டார்ச் இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க. பாத்ரூம் பைப்பைச் சரி பண்ண வாங்கினது. எப்பவும் எதையாவது நோண்டிட்டே இருப்பார். மேஜை பூரா சாமான் கிடக்கும், வைஸ் கூட உண்டு. ஏங்க?"

"துப்பாக்கியைப் பத்தி ஏதாவது சொல்லிட்டிருந்தாரா?"

"பேரல் உள்ள துரு ஏறிடுச்சு, மாத்தணும், எவன்கிட்டக் குடுத்தாலும் மாசக் கணக்குல இழுத்தடிப்பான்னார்..." அவள் சட்டென்று நிறுத்தினாள்.

"இதோட வேற ஏதாவது திருப்பிக் குடுத்தாங்களா? சின்ன கவர் மாதிரி?"

கைப்பையிலிருந்து அரக்கு முத்திரை வைத்த கவரை எடுத்தாள். ஓரத்தைக்கூட அவள் கிழிக்கவில்லை. "இதைத் தொடவே பிடிக்கலீங்க."

சக்ரபாணி பிரித்துக் கவிழ்த்தார். வெடித்துப் போன தோட்டாவின் பித்தளைக் கூடு உள்ளங்கையில் விழுந்தது. அதன் அடிப்பாகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார்.

"இந்த நடு வட்டத்தைப் பாருங்கம்மா. விசையை இழுத்தா, ஊசி வந்து இங்கதான் குத்தும். குத்தினா பள்ளம் விழும். தடவிப் பாருங்க."

அவள் தொடத் தயங்கினாள். பிறகு விரலை வைத்தாள்.

"வழவழன்னு இருக்குங்களே."

"ஊசி இதைத் தொடவே இல்லம்மா. உங்க வீட்டுக்காரர் விசையை இழுக்கல. உள்ள ஒரு தோட்டா கிடந்திருக்கு, போல்ட்டைத் திறந்து பார்க்கல. பேரலைக் கழற்றக் கட்டையைப் பிரிச்சு, வைஸ்ல மாட்டி, என்னை மாதிரியே மல்லுக்கட்டி, கடைசியில சூடு வெச்சிருக்கார். அப்பவும் வரல. வைஸ்ல இருந்து எடுத்து நிமிர்த்தி வெச்சுக் குனிஞ்சு பார்த்திருக்கார். சூடு மெள்ள உள்ள இறங்கித் தோட்டாவை எட்டியிருக்கு." அவர் கூட்டை மேஜை மேல் வைத்தார். "போலீஸ்காரங்க பாவம் பார்த்தெல்லாம் எழுதலம்மா. பார்த்ததை எழுதியிருக்காங்க."

சாருலதா ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"இல்லீங்க. அப்ப முந்தாநாள் ஏன் அழுதார்?"

"எந்த முந்தாநாள்?"

"ஃபாத்திமா சொன்னாங்களே, பர்ஸோன்னு. நான் ஹிந்தி பிராத்மிக் பாஸ் பண்ணினவங்க. பர்ஸோன்னா முந்தாநாள்தானே?"

சக்ரபாணி அவளையே பார்த்தார். ஓர் ஊர்ச் சொல் இந்தப் பெண்ணை ஒரு வருஷமாக அறுத்துக் கொண்டிருந்திருக்கிறது.

"புஸ்தகத்துல அப்படித்தான். ஹைதராபாத்ல முந்தாநாளும் பர்ஸோ, போன வருஷமும் பர்ஸோ. எங்க கல்யாணம் எப்பன்னு எதிர்வீட்டுக்காரர்கிட்டக் கேட்டா, அதுவும் பர்ஸோம்பார். அந்தம்மா நம்பர் இருக்கா?"

இருந்தது. ஆனால் அந்த ஃப்ளாட்டைக் காலி செய்து மெட்டுகுடாவுக்கு வந்த நாளிலிருந்து அவள் அந்த நம்பரை அழைக்கவில்லை. ஸ்பீக்கரில் ஃபாத்திமாவின் குரல் பெரிதாகக் கேட்டது.

"யா அல்லா, சாரு! கஹாங் காயப் ஹோ கயே தும்?" எங்கே காணாமல் போனாய் என்று கேட்டாள்.

சலாம் சொல்லி, தான் யார் என்று சொல்லிவிட்டு சக்ரபாணிதான் பேசினார். பர்ஸோ சம்பந்தம் பாய் மாடியில் அழுதார் என்றீர்களாமே, அது எப்போது?

"ஹவ், பர்ஸோ. உனோ கித்தா ரோயே! அம்மிஜான் குஸர் கயே நா உன்கே, தபிச்." ஃபாத்திமா தயங்கினாள். "கைக்கு பூச்ரயீங், சாப்?"

சக்ரபாணி போனைக் கையால் மூடினார். "அவரோட அம்மா தவறிப் போனாங்களே, அப்பத்தானாம். எதுக்குக் கேக்கறீங்கன்னு கேக்கறாங்க."

"அத்தை போனது..." சாருலதாவின் உதடு கோணியது. "அது ஸ்ரேயா அஞ்சாங்கிளாஸ் படிச்சப்பங்க."

அவள் போனை வாங்கிக் கொண்டாள். மறுமுனையில் ஃபாத்திமா, "சாரு? சாரு?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

அந்த நேரத்தில்தான் அது கேட்டது.

'டக்!'

இருவரும் துள்ளித் திரும்பினார்கள். ஸ்பேனரில் யாருடைய கையும் இல்லை. வைஸில் இருந்த பேரலுக்கும் வளையத்துக்கும் நடுவே, மயிரிழை போல ஒரு கோடு திறந்திருந்தது. சக்ரபாணி போய் இரண்டு விரலால் திருகினார். எண்ணெய்ப் பாட்டில் மூடி போல, சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டு வந்தது.

எண்ணெய் இறங்க நேரமாகும், இழுத்த இழுப்பு பிறகு வேலை செய்யும் என்று அவரால் சொல்லியிருக்க முடியும். சொல்லவில்லை.

"அன்னிக்கு இது இப்படிக் கழன்றிருந்தா?" என்றாள் சாருலதா.

"கையைத் துடைச்சிட்டு டீ குடிக்க உள்ள வந்திருப்பார்மா."

அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "அறுத்துடுங்க" என்றாள். "ஆனா அந்தக் கூட்டை மட்டும் குடுங்க. அவகிட்டக் காட்டணும்."

"அது வெறும் பித்தளைதான். எடுத்துட்டுப் போங்க."

குடையை மறந்து மழையில் இறங்கினாள். ஜன்னல் கம்பி வழியாக சக்ரபாணி பார்த்தார். தென்னை மரத்தடியில் தாய் உள்ளங்கையை விரித்து நீட்டினாள். பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு தெலுங்கில் ஏதோ கத்தினாள். சாருலதா அவள் கையைப் பிடித்து இழுத்து, விரலைப் பித்தளை மேல் வைத்து அழுத்தினாள். உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.

பிறகு ஸ்ரேயா ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

சக்ரபாணி ஜன்னலை விட்டு விலகி, பேரலை அறுக்குமுன் கழன்ற வளையத்தை ஒதுக்கி வைக்கக் கையில் எடுத்தார். உடனே விரலை உதறிக் கீழே போட்டார்.

சூடு பட்ட இடம் சுட்டது. டார்ச்சை அவர் இன்னும் பற்றவைக்கவே இல்லை.