ஆற விடாத மெழுகு

லாசரஸ் அந்த அண்டா வெந்நீரைக் குழாயடிச் சாக்கடையில் கவிழ்த்தபோது, வாழ்க்கையில் ஒரு வேலையையாவது உருப்படியாக முடித்துவிட்டோம் என்றுதான் நினைத்தான். சற்று நேரத்தில் தண்ணீர் இறங்க மறுத்தது. பிறகு மேலேறியது. பிறகு மாதா கெபியின் படிக்கட்டைப் பார்த்து நடக்கவே ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் மாதா திருவிழாக் கொடியேற்றம். கெபிக் குகையில் எரிந்து தீர்ந்த மெழுகுவத்திக் கண்ணாடி டம்ளர்களை, அடியில் ஒட்டிய மெழுகு போகக் கழுவி, புது மெழுகு ஊற்றி வைக்க வேண்டும். கிழக்குத் தாம்பரம் பங்குக் கோயிலில் அது பெண்கள் பார்க்கிற வேலை. லாசரஸ் வலியப் போய் அதில் கை வைத்ததற்குக் காரணம் பக்தி இல்லை, ஞானசௌந்தரி என்பது கெபிக்குள் நின்ற மாதாவுக்கே தெரியும்.

ஈஸ்டர் முடிந்த கையோடு அவன் வீட்டார் அவளைப் பெண் கேட்டுப் போனார்கள். அவள் அம்மா செல்வமேரி, "அவ சித்தப்பாவ ஒரு வார்த்த கேட்டுக்கினு சொல்றேன்" என்றாள். சித்தப்பா சவுரிமுத்து டீயை ஆற்றிக்கொண்டே, "பொண்ணு மனசுன்னு ஒண்ணு கீது இல்ல தம்பி" என்றார். பெண்ணை பஸ் ஸ்டாண்டில் பார்த்துக் கேட்டால், "அம்மா சொல்லுவாங்க" என்று பஸ் ஏறிவிட்டாள். பல்லாவரத்துத் தோல் கம்பெனியில் லாசரஸ் ஸ்டோர் கீப்பர். இல்லாத சரக்கை இல்லை என்று சொல்லியே பழகியவனுக்கு இது தாங்கவில்லை.

சவுரிமுத்து வந்து சாக்கடையை எட்டிப் பார்த்தார்.

"இன்னா தம்பி ஊத்தின?"

"வெந்நீர்தான். மெழுகும் கொஞ்சம் இருந்துது."

"ஊரே ஏத்தின மெழுகு உனக்குக் கொஞ்சமா?" ஒரு நீளக் கம்பியை அவன் கையில் திணித்தார். "ஃபாதர் வர்றதுக்குள்ள குத்து."

குத்தினான். வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள் வந்தன. தண்ணீர் மட்டும் அசையவில்லை. ஞானசௌந்தரி கொதிக்கிற வெந்நீரை ஒரு குண்டானில் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"மெழுகு தானா மேல வந்துரும். அண்டாவுலயே ஆற வுட்டா தட்டு மாதிரி உறையும், எடுத்துக்கலாம். கொஞ்ச நேரம் பொறுக்க முடியாதா உங்களால?"

பொறுக்க முடியாதா என்று அவளே கேட்டதுதான் அவனுக்குச் சுட்டது.

"ஈஸ்டர்லருந்து பொறுத்துகினு கீறேன். இருந்த பொறுமையெல்லாம் உங்க வூட்டு வாசல்லயே தீந்துபோச்சு. மெழுகுக்கு மிச்சமில்ல. வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க. கம்பிய வெச்சிட்டுப் போயிடறேன்."

வீரமாகத்தான் சொன்னான். கம்பியைக் கீழே வைக்கவில்லை. வைத்தால் போக வேண்டியிருக்குமே.

அவள் வெந்நீரைச் சாக்கடையில் ஊற்றினாள். குழாய்க்குள் ஏதோ களுக்கென்றது. தண்ணீர் சுழன்று இறங்கியது. அது முழுக்க இறங்குகிறவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா சித்தப்பாவக் காட்றாங்க. அவரு என்னியக் காட்றாரு. என்னிய யாரு கேட்டாங்க?"

"நான் கேட்டேனே, பஸ் ஸ்டாண்டுல."

"எங்க கம்பெனிப் பொண்ணுங்க மொத்தமா நின்னுகினு காது குடுத்துகினு இருந்தாங்க. அங்க இன்னான்னு சொல்றது?"

"இப்ப யாரும் இல்ல."

கொடிமரத்துக்குப் பின்னால் சவுரிமுத்து ஒரு கயிற்றை மிக உன்னிப்பாக ஆராய்ந்துகொண்டிருந்தார். லாசரஸ் அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஞானசௌந்தரி குண்டானைக் கவிழ்த்து வைத்தாள்.

"எனக்கு உங்களக் கட்டிக்க சம்மதம்," என்றாள். "அடுப்பாண்ட மட்டும் வராதீங்க."