வல்லப்பனுக்கும் சித்தருக்கும் பேச்சு உண்டு

மோகனூர் பஸ்ஸில் ஏறியதிலிருந்து சின்னுசாமி அந்த வசனத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "சித்தரே, உமது இல்லத்தில் ஆவணி மாதம் மங்கல காரியம் என்று கேள்வி. பெரியப்பன் முறை உள்ளவன் ஒருவன் அழைப்பை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறான்." பக்கத்துச் சீட்டுக்காரர் தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "எனக்குத் தெரியாதுங்க, நான் ஜேடர்பாளையம்" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இதைச் சொல்லப்போவது சின்னுசாமி அல்ல, வல்லப்பன் என்கிற படைவீரன். வல்லப்பன் இருப்பது ஆட்டத்துக்குள். ஞாயிற்றுக்கிழமை தோறும் மத்தியானத்தில், மோகனூரில் தங்கை பொன்னாத்தாள் வீட்டுக் கூடத்தில், சின்னுசாமி வாயைத் திறந்தால் வல்லப்பன் பேசுவான். கொல்லிமலைச் சித்தர் பதில் சொல்லுவார். சித்தராக ஆடுவது சின்னுசாமியின் சொந்தத் தம்பி கந்தப்பன். சின்னுசாமிக்கும் கந்தப்பனுக்கும் பதினோரு வருசமாகப் பேச்சு கிடையாது. வல்லப்பனுக்கும் சித்தருக்கும் உண்டு.

ஆட்டத்தைக் கொண்டுவந்தவர் பொன்னாத்தாளின் புருசன் மருதாசலம். சர்க்கரை ஆலை எடைமேடையில் குமாஸ்தா. அவருடைய சித்தப்பா மகன் எண்பத்தொன்றில் அமெரிக்காவிலிருந்து ஒரு பெட்டி அனுப்பினான். உள்ளே புத்தகங்களும் பல பக்கம் கொண்ட பகடைகளும் இருந்தன. காய் கிடையாது, கட்டம் கிடையாது. ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு ஆளாக மாறி அதற்குள் போவார்கள். குகை, பூதம், புதையல் எல்லாம் பேச்சிலேயே நடக்கும். வெட்டு விழுந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். மருதாசலம் அகராதியை வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுக்கப் படித்து முடித்தார். ஆட ஆள் வேண்டுமே? மச்சான்கள் இரண்டு பேரையும் தனித்தனியே கூப்பிட்டார். ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாது. தெரிந்தபோது பொன்னாத்தாள் பலகாரத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள், எழுந்து போக முடியவில்லை. நாலாவது ஆள் மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் சரவணமுத்து. அவர் திருடனாக ஆடுவார், கூட வருபவர்களிடமே திருடுவார்.

அண்ணன் தம்பிச் சண்டை ஒரு கிணற்றில் ஆரம்பித்தது. பொதுக்கிணறு, ஒரு மோட்டார், ஆளுக்கு ஒரு நாள் முறை. ஒரு கோடையில் கரண்ட் ஒழுங்காக வராததால் எந்த நாள் யாருடைய முறை என்பது குழம்பி, வாய் தடித்து, "இனி உங்க ஊட்டு வாசப்படி மிதிச்சா என்னன்னு கேளுங்க" என்று தம்பி சொன்னதில் போய் நின்றது. அப்புறம் இரண்டு பேரும் தனித்தனியாகப் போர்வெல் போட்டார்கள். இரண்டிலும் தண்ணீர் வந்தது. இப்போது அந்தக் கிணற்றில் புறாக்கள் குடியிருக்கின்றன. சண்டை மட்டும் வற்றாமல் ஓடிக்கொண்டிருந்தது.

ஆட்டத்தில் மருதாசலத்துக்கு ஒரு கறார் உண்டு. யார் எதைச் சொன்னாலும் பென்சிலைத் தூக்கி, "யாரு பேசறது?" என்று கேட்பார். ஆட்டத்து ஆள் பேசினதாக இருந்தால் எழுதிக்கொள்வார். ஆடுகிறவர் பேசினதாக இருந்தால் எழுத மாட்டார். அந்தப் பேச்சு ஆட்டத்தில் நடக்கவே இல்லை என்று அர்த்தம். பங்காளிகள் இருவருக்கும் இது மிக வசதியாகப் போய்விட்டது. "எம் மஞ்சக்காட்டுல கெழங்கு அழுகுது, என்ன மருந்து அடிக்கறது?" என்று அண்ணனைக் கேட்டால் மானம் போய்விடும். "வீரரே, தெற்குச் சீமையில் மஞ்சள் பயிர் அழுகுவதாக ஒற்றன் சொன்னான்" என்று சித்தர் சொன்னால் ஒன்றும் போகாது. வல்லப்பன் வாளைத் துடைத்துக்கொண்டே மருந்தின் பெயரைச் சொல்லுவான்.

போன வருசம் வல்லப்பனுக்கு அம்பு விடும்போது கண் மங்கியது. உண்மையில் மங்கியது சின்னுசாமிக்கு. அடுத்த ஞாயிறு சித்தர் கமண்டலத்தை வைத்துவிட்டு, "வீரரே, வடக்கே ஏற்காடு போகும் பாதையில் அஸ்தம்பட்டி என்றொரு ஊர். அங்கே கண் வைத்தியர் ஒருவர் இருக்கிறார், செவ்வாய் வெள்ளி பார்ப்பார்" என்றார். மருதாசலம் மறுபேச்சில்லாமல் பூதங்கள் திரியும் காட்டுக்கும் எரிமலைக்கும் நடுவில் அஸ்தம்பட்டியை வரைந்து சேர்த்தார். சின்னுசாமி போய்க் கண்ணைச் சரிசெய்துகொண்டு வந்தார்.

இப்போது கந்தப்பன் மகள் வசந்தாமணிக்கு ஆவணியில் கல்யாணம். ஊரெல்லாம் பத்திரிகை போய்விட்டது. பங்காளி வீட்டுக்குப் பத்திரிகை தபாலில் வராது. புருசனும் பெண்டாட்டியும் நேரில் வந்து, வெற்றிலைபாக்கு வைத்து அழைக்க வேண்டும். அழைக்காத வீட்டுக்குப் போகக்கூடாது. கல்யாணத்துக்குப் போகாத பங்காளி அப்புறம் நல்லது கெட்டது எதற்கும் போக முடியாது. அதோடு தலைமுறைக்கும் அத்துப்போகும். வசந்தாமணி பிறந்தபோது அரசமரத்தடி ஜோசியரிடம் ஓடியது சின்னுசாமிதான். அவளை முதன்முதலாகச் சைக்கிள் பாரில் உட்காரவைத்துத் திருச்செங்கோடு தேருக்குக் கூட்டிப்போனதும் அவர்தான். அந்தக் கல்யாணத்துக்குப் போகாமல் இருக்க அவரால் முடியாது. போகவும் முடியாது. வல்லப்பன் ஒருத்தனைத்தான் நம்பியிருந்தார்.

தங்கை வீட்டுப் படியேறியதும் பாயச வாசம் வந்தது. கூடத்தில் கந்தப்பன் ஏற்கெனவே வந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சரவணமுத்து வடை தின்றுகொண்டிருந்தார்.

"என்ன பொன்னு, விசேசம்?" என்றார் சின்னுசாமி.

"உங்க மாப்பிள்ளையக் கேளுங்கண்ணா. எல்லாரையும் கொன்னுபோட்டாரு."

மருதாசலம் மடியில் ஒரு புதுப் புத்தகம் கிடந்தது. பழையதைவிடத் தடி. "அமெரிக்காவுல விதியெல்லாம் மாத்திப் புதுசாப் போட்டுட்டாங்க மச்சான். தம்பி பார்சல் அனுப்பிச்சுட்டான்" என்றார். முகத்தில் கல்யாணக் களை. "புது உத்தரவு வந்தாப் பழசு ரத்து. ஆலையிலயும் அதுதானுங்க சட்டம். அதனால பழைய ஆளுங்க அத்தன பேரும் வீர சொர்க்கம் போயிட்டாங்க. வெறுமனே அனுப்பக் கூடாதுன்னுதான் வடை பாயாசம்."

பழைய புத்தகத்தை வைத்தே ஆடினால் யாரும் கேட்கப்போவதில்லை. அமெரிக்காக்காரன் மோகனூருக்கு வந்து சோதனை போடப்போவதும் இல்லை. ஆனால் மருதாசலத்திடம் அதைச் சொல்ல முடியாது. எடைமேடையில் முப்பது வருசமாகச் சுற்றறிக்கை பார்த்து வாழ்ந்தவர் அவர்.

"வல்லப்பனும் செத்துட்டானா?" என்றார் சின்னுசாமி.

"நல்ல சாவுங்க. தூக்கத்துல."

சின்னுசாமி இலை முன் உட்கார்ந்து வல்லப்பனின் பாயசத்தில் ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். எதிரில் கந்தப்பனும் சித்தரின் பாயசத்தை அப்படியே வைத்திருந்தார்.

இலை எடுத்ததும் மருதாசலம் திட்டத்தை விரித்தார். புதுக் கதை, புதுத் தேசம், புது ஆட்கள். இன்றைக்கு ஆட்டமே கிடையாது, ஏற்பாடு மட்டும்தான். ஆளைப் பிறப்பிக்க வேண்டும், ஆளுக்கும் ஆளுக்கும் என்ன உறவு என்று முடிவு செய்ய வேண்டும், அப்புறம்தான் முதல் குகை. சின்னுசாமி பகடை உருட்டினார். பலம் இல்லாத, புத்தியும் இல்லாத ஒரு காவல்காரன் பிறந்தான். கந்தப்பனுக்கு ஒரு பூசாரி வந்தான். சரவணமுத்து பகடையைத் தொடுமுன்பே திருடன் என்று சொல்லிவிட்டார்.

"பெரிய மச்சானோட ஆளுக்கும் சின்ன மச்சானோட ஆளுக்கும் உறவு பாக்கோணும்" என்றார் மருதாசலம். "ஒண்ணு வந்தா குருவும் சீடனும். ரெண்டு வந்தா எசமானும் ஆளுக்காரனும். மூணு வந்தா ஒரே ஊருக்காரங்க. நாலு வந்தா ஒடம்பொறந்தவங்க. பொன்னு, சொம்ப எடு."

நாலு பக்கப் பகடையை இரண்டு வருசம் முன்பு வீட்டுச் சேவல் விழுங்கிவிட்டது. அறுத்துத் தேடியும் கிடைக்கவில்லை. குழம்பு மட்டும் நன்றாக இருந்தது. அன்றிலிருந்து நம்பர் எழுதிய நாலு புளியங்கொட்டைகள் சொம்பில் கிடக்கும். ஆடாத ஆள் என்பதால் பொன்னாத்தாள்தான் எடுப்பாள். கையை விட்டாள், ஒன்றை எடுத்துப் பார்த்தாள், "நாலு" என்றாள். வேறு யாரும் பார்க்குமுன் கொட்டையைச் சொம்புக்குள் போட்டுக் குலுக்கிவிட்டாள்.

மருதாசலம் எழுதினார். "ஒடம்பொறந்தவங்க. செரி. ஒறவு இருக்குதா, அத்துப்போச்சா? அதையும் சொல்லோணும்."

சின்னுசாமி வாயைத் திறக்குமுன் கந்தப்பன் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "அத்துப்போச்சு."

கேட்காத கேள்விக்குப் பதில் வந்துவிட்டது என்று சின்னுசாமி நினைத்தார். பஸ் எத்தனை மணிக்கு என்று யோசித்தார்.

"எதனால அத்துப்போச்சு?" மருதாசலம் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார். "அத ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்க."

"என் ஆளு பேசுவானுங்க" என்றார் கந்தப்பன்.

"எப்படிப் பேசுவான்? அவங்களுக்குத்தான் பேச்சு இல்லைன்னு இப்பத்தானுங்களே சொன்னீங்க. ஆளுங்க பேச முடியாது மச்சான். நீங்கதான் பேசோணும்."

அதில் தப்பு சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் தங்கையைப் பார்த்தார்கள். அவள் ஓரமாக வைத்திருந்த இலைகளை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள். மாட்டுக்கு வைக்கப்போனவள், அதை வைத்துவிட்டுக் கதவோரமே நின்றாள்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சரவணமுத்து கடைசி வடையைக் கையில் எடுத்துக்கொண்டு தின்னாமல் இருந்தார். கந்தப்பன் தொண்டையைச் செருமினார். பேச்சு சுவரைப் பார்த்துத்தான் வந்தது.

"கெணறுன்னு வெச்சுக்கலாமுங்களா?"

அந்த 'ங்களா' தன்னிடம் வந்து எத்தனை காலம் ஆயிற்று என்று சின்னுசாமி நினைத்தார். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். அவருக்குத் தாடை ஆடியது.

"கெணறு வேண்டாம்" என்றார். "ஒரு கெணத்துக்கோசரம் எவனாச்சும் இத்தன வருசம் பேசாம இருப்பானா? கேக்கறவன் நம்ப மாட்டான்."

"அப்ப எதுக்குங்க பேசாம இருப்பாங்க?"

"மொதல்ல யாரு பேசறதுங்கறதுக்குத்தான்."

மருதாசலம் எழுதினார். "நல்ல காரணமுங்க. மொறைப்படி யாரு பேசோணும்?"

"சின்னவந்தானுங்க" என்றார் கந்தப்பன்.

"பெரியவன்" என்றார் சின்னுசாமி. "பெரியவந்தான் எறங்கி வரோணும். சின்னவன் அன்னைக்கு என்னமோ வாய்க்கு வந்தபடி சொல்லிட்டான். பசியில, சோத்துக்கு முன்னாடி சொன்னது. பெரியவனுக்கு அது தெரியாதா? தெரிஞ்சும் முறுக்கிக்கிட்டான்."

"சின்னவன் சொல்லிருக்கக் கூடாதுங்க. சொல்லிட்டு, அன்னைக்குப் பொழுதோடயே வரலாம்னு பாத்தான். வேலி வரைக்கும் வந்தான்."

"வந்தானா?"

"வந்தானுங்க. மோட்டார் ரூம்ல வெளக்கு எரிஞ்சுது. அவன் மொறையில மோட்டார் ஓடுதுன்னு நெனச்சுத் திரும்பிட்டான்."

சின்னுசாமிக்கு அந்த விளக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு மோட்டார் ஓடவில்லை. தம்பி வருவான் என்று விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். அதைச் சொல்ல வாயெடுத்தார், அழுகைதான் வந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண் ஆபரேசன் பண்ணியதிலிருந்து இப்படித்தான் தண்ணீர் வடிகிறது என்று சரவணமுத்துவிடம் சொன்னார். சரவணமுத்து மாட்டுக்கு ஒரு சொட்டு மருந்து இருப்பதாகச் சொன்னார்.

மருதாசலம் காகிதத்தைத் திருப்பினார். அவருக்கு இன்னும் ஏற்பாடு முடியவில்லை. "செரிங்க. இவங்க ரெண்டு பேரும் எங்க சந்திச்சுக் கத ஆரம்பிக்குது? குகையில வெச்சுக்கலாமா, சந்தையில வெச்சுக்கலாமா?"

கந்தப்பன் சுவரிலிருந்து திரும்பினார். நேராக அண்ணன் முகத்தைப் பார்த்தார். தம்பிக்கும் தலை நரைத்துவிட்டதைச் சின்னுசாமி அப்போதுதான் கவனித்தார்.

"நாளைக்குக் காத்தால ஊட்டுல இருப்பீங்களா, அண்ணா? நானும் அவளும் வாரோம்."

மருதாசலம் பழக்க தோஷத்தில் பென்சிலைத் தூக்கினார். "யாரு பேசறது?"

"நாந்தாங்க மாப்பிள்ளை" என்றார் கந்தப்பன்.

"இருப்பேன் சாமி" என்றார் சின்னுசாமி. "எங்க போறேன்? வாங்க."

மருதாசலம் பென்சிலைக் கீழே வைத்தார். ஆட்டத்தில் சேராத பேச்சை அவர் எழுதுவதில்லை.