என் மரத்தில் அவர் வேலி

பஸ்ஸை விட்டு இறங்கி வாசலுக்கு வந்தபோதே வீட்டின் வலது பக்கம் ஏதோ நெருங்கி வந்து நிற்பது தெரிந்தது. பையைக் கீழே வைக்காமலே போய்ப் பார்த்தேன். சுவருக்கும் வேலிக்கும் நடுவில் ஐந்தடி இருக்க வேண்டிய இடத்தில் ஒருக்களித்துத்தான் நடக்க முடிந்தது. அங்கே வெட்டவிருந்த கக்கூஸ் குழிக்கு நான் வாங்கிப் போட்டிருந்த மூன்று சிமெண்ட் உறைகளும் வேலிக்கு அந்தப் பக்கம் கிடந்தன. ஓர் உறைக்குள் வைக்கோல் பரப்பி, என் மூத்தார், அதாவது புருஷனின் அண்ணன் ஞானசேகரன் வீட்டுக் கோழி அடை உட்கார்ந்திருந்தது.

டிசம்பர் கடைசியில் அடித்த ‘தானே’ புயல் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த பழைய வேலியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. முதுநகருக்குத் தெற்கே எங்கள் ஊரில் முந்திரி, சவுக்கு ஒன்றும் மிச்சமில்லை. கல்யாணமாகி வந்த வருஷம் நான் நட்ட பூவரசும் விழுந்தது. அதே காற்றில் குமராட்சியில் சுவர் சரிந்து என் அம்மாவுக்குக் கால் முறிந்தது. ஒரு மாதம் அங்கே இருக்க வேண்டியதாயிற்று. கிளம்பும்போது என் புருஷன் பழனிவேலிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். பூவரசங் கிளைகளை, நட்டால் துளிர்க்கிற போத்தாக வெட்டி பழைய குழிகளிலேயே நடுங்கள், கம்பு விலைக்கு வாங்க வேண்டாம் என்றேன். நட்டுத்தான் இருந்தார்கள். என் மரத்தை வெட்டி, என் மண்ணில், எனக்கே வேலி போட்டிருந்தார்கள்.

வேலியைக் குறை சொல்ல முடியாது. கைத்தடிமன் போத்துகளை நெருக்கமாக நட்டு, குறுக்கே மெல்லிய சவுக்கு மிலாரை வரிந்து, தென்னங் கயிற்றால் கட்டியிருந்தது. எல்லாம் காற்று இலவசமாகக் கொடுத்த மரம். பத்து வருஷம் நிற்கும்.

"வாம்மா தில்லை. அம்மாவுக்குக் காலு தேவலையா?" மூத்தார் வெளியே வந்தார்.

"தேவல மாமா. இது என்னா?"

"பழைய வேலி கோணலா இருந்துச்சில்ல. நூல் புடிச்சி நேராக்கிட்டோம். உன் வூட்டுக்காரன்தான் அந்தாண்ட முனையப் புடிச்சான்."

போத்துகளில் விரல்நகம் அளவுக்கு இலை விட்டிருந்தது. துளிர்த்த போத்தை எங்கள் ஊர்ப் பக்கம் யாரும் பிடுங்க மாட்டார்கள். பச்சை கண்ட வேலிதான் எல்லை, சர்வேயர் சங்கிலியோடு வந்தாலும் ஊர் அதைத்தான் ஒத்துக்கொள்ளும். ஊரெல்லாம் காய்ந்த சவுக்கு கொட்டிக் கிடக்க, மூத்தாரும் பச்சைப் பூவரசையே எடுத்ததன் காரணம் புரிந்தது. சாமி கும்பிட்டுத் திருடுகிற கை அது.

பள்ளிக்கூடம் விட்டு வந்த என் மகள் அனுப்பிரியா கன்னம் ஒட்டிப் போயிருந்தாள். ஏண்டி இப்படி இருக்கே என்று அதட்டினேன்.

"சாயந்திரம் ஆனா தண்ணி குடிக்கறதில்லம்மா. தோப்புல ஒரு மறைவும் இல்ல. ரோட்டுலேந்து பாத்தாவே தெரியுது."

எட்டாவது படிக்கிற பெண். வீட்டுக்குள் போய்க் கடப்பாரையை எடுத்து வந்தேன்.

"துளுத்ததப் புடுங்குனா குடும்பம் வெளங்காது. அப்பறம் என்னக் குத்தம் சொல்லாத" என்றார் மூத்தார்.

"வெளங்குன வரைக்கும் போதும் மாமா."

உறைகள் கிடந்த இடத்தில்தான் ஆரம்பித்தேன். கடப்பாரையை ஓங்கினவள் நிறுத்தினேன். அந்த இடத்தில் மட்டும் எட்டுப் போத்துகள் மொட்டையாக நின்றன. ஒன்றைத் தடவினேன். தடித்த முனை மேலே இருந்தது, மெலிந்த முனையைச் சீவி மண்ணில் இறக்கியிருந்தது. கணுக்களெல்லாம் கீழே பார்த்தன. எட்டும் அப்படியே. போத்துக்கு அடி எது நுனி எது என்று எங்கள் ஊரில் நண்டு சிண்டுக்கும் தெரியும்.

என் புருஷன் பின்னால் வந்து நின்றார்.

"அது நான் நட்டது" என்றார், அண்ணன் காதில் விழாத குரலில். "துளுக்காதுன்னு தெரியும்."

ஒரு நிமிஷம் மனசு இளகியது, பொய் சொல்ல மாட்டேன். அடுத்த நிமிஷம் இரண்டு மடங்காகக் கொதித்தது. வேண்டாம் அண்ணே என்று சொல்ல வாய் வராத மனுஷன் கம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அதையும் வீரம் என்று வந்து காட்டுகிறார்.

"யோவ்" என்றேன். பதினாறு வருஷத்தில் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. "உன் பொண்ணு தண்ணி குடிக்காம கெடக்குது. நீ கம்பு காயட்டும்னு காத்துனு இருந்தியா?"

மொட்டைக் கம்புகள் எட்டையும் நானே பிடுங்கினேன். வேர் இல்லாததால் ஒற்றைக் கைக்கே வந்தன. கோழி கொக்கரித்துக்கொண்டு உறையை விட்டுக் குதித்து ஓடியது. ஒன்பதாவது போத்தில் இலை இருந்தது. அது மூத்தார் நட்டது. கடப்பாரையை என் புருஷனிடம் நீட்டினேன்.

"இத நீ புடுங்கு."

அந்தப் பக்கம் மூத்தார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "பழனி" என்று மட்டும் சொன்னார்.

என் புருஷன் கடப்பாரையை வாங்கவில்லை. குனிந்து, போத்தை இரண்டு கையாலும் பிடித்தார். விரலிடுக்கில் ஒரு இலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பிடித்தபடியே நின்றார். எனக்குப் பின்னால் அனுப்பிரியா குடிக்கக் குடத்தில் சொம்பை விட்டு மொள்ளும் சத்தம் கேட்டது.